கோவைக்குப் போகிறீர்களா? எங்கே சாப்பிடுவது என்பதைச் சொந்தக்காரர்களிடம் விட்டுவிடுங்கள்

கோயம்புத்தூரில் இறங்கியதும் செல்போனில் நட்சத்திரம் பார்த்து ஓட்டல் தேடாதீர்கள். யார் கூட்டிப்போகிறார்களோ அவர்கள் சொல்லும் இடத்துக்குப் போங்கள். பெரும்பாலும் அது அன்னபூர்ணாவாக இருக்கும். கறி சாப்பிடும் குடும்பம் என்றால் ஹரிபவனம், இல்லாவிட்டால் ஈரோட்டில் பிறந்த ஜூனியர் குப்பண்ணா. "போன தடவையும் அங்கேதானே போனோம்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நிலத்துக்கு அட்வான்ஸ் பேசுவதிலிருந்து பங்காளிச் சண்டையைத் தீர்ப்பதுவரை கோவையில் பல காரியங்கள் அந்த மேசைகளில்தான் நடக்கின்றன.

அன்னபூர்ணாவை 1960களில் தாமோதரசாமி நாயுடுவும் சகோதரர்களும் தொடங்கினார்கள். இன்று ஊருக்குள் எந்தப் பக்கம் போனாலும் ஒரு கிளை கண்ணில் படும். அந்த சாம்பாரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சென்னை சாம்பாரைவிடக் கொஞ்சம் கெட்டி, மல்லி வாசம் முன்னால் வரும், சின்ன வெங்காயம் முழுசாகக் கிடக்கும். சாம்பார் இட்லி கேட்டால் இட்லி முங்கிப்போகும் அளவுக்கு ஊற்றி, மேலே கொத்தமல்லி தூவிக் கொண்டுவருவார்கள். கரண்டியால் வெட்டினால் உள்ளே வரைக்கும் ஊறியிருக்கும். வெளிநாட்டில் நம்மில் பலர் சரவணபவன் கிளையைப் பார்த்ததும் கண்கலங்குகிறோம். 1981இல் சென்னை கே.கே.நகரில் தொடங்கிய கடை அது, அதற்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கோவையில் பெரியவர்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டு அதையும் இதையும் ஒப்பிடாதீர்கள்.

இந்தப் பாசம் எவ்வளவு ஆழம் என்பதை 2024 செப்டம்பரில் எல்லோரும் பார்த்தோம். கோவையின் கண்காட்சி வளாகமான கொடிசியாவில் தொழில்துறையினரோடு நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் நடத்திய கூட்டத்தில் அன்னபூர்ணாவின் நிர்வாக இயக்குநர் சீனிவாசன் எழுந்து, பன்னுக்கு வரி இல்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18 சதவீதம் என்று சொன்னார். கிரீமையும் பன்னையும் தனித்தனியாகக் கொடுங்கள், நானே வைத்துக்கொள்கிறேன் என்று வாடிக்கையாளர் கேட்பதாகவும் சொன்னார். அரங்கமே சிரித்தது. பிறகு அவர் அமைச்சரை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்ட வீடியோ வெளியானதும் ஊர் கொதித்துப்போனது. அந்த வீடியோ வெளியானதற்கு பாஜகவின் அப்போதைய மாநிலத் தலைவர் அண்ணாமலையே மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. தங்கள் வீட்டுப் பெரியவரைக் கைகட்டி நிற்க வைத்துவிட்டார்கள் என்றுதான் என் சொந்தக்காரர்கள் வாட்ஸப்பில் பொங்கினார்கள். மெல்போர்னில் உட்கார்ந்து அதைப் படித்த எனக்கும் நெஞ்சு அடைத்தது.

சரி, என் கதைக்கு வருகிறேன். அப்பா இறந்தபின் வீட்டை என் பெயருக்கு மாற்ற வாரிசுச் சான்றிதழ் வேண்டும். இப்போதெல்லாம் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் போதும் என்பார்கள். விண்ணப்பிப்பது சுலபம்தான். அதற்கப்புறம் அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று ஒவ்வொரு மேசையாக ஏற வேண்டும். ஆதாரில் அப்பாவின் இனிஷியல் ஓர் எழுத்து, இறப்புச் சான்றிதழில் இனிஷியலை விரித்து முழுப் பெயர். அது ஒரு வாரத்தைத் தின்றது. ஆதாரோடு இணைத்த என் பழைய இந்திய நம்பரை ரீசார்ஜ் செய்யாமல் விட்டதால் அது எப்போதோ செத்திருந்தது, ஓடிபி வரவில்லை. அலுவலர் ஒரு நாள் கேம்ப், ஒரு நாள் மீட்டிங், ஒரு நாள் பீல்டு. வராந்தாவில் மின்விசிறிக்கு நேர் கீழே ஒரே ஒரு பெஞ்ச், அதில் எப்போதும் யாராவது வயதானவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் சுவரோரம் நின்றோம். லீவு கரைந்துகொண்டே போனது. சிரித்த முகமாக "நாளைக்கு வாங்க" என்று சொல்வதைக் கேட்டுக் கேட்டு, அந்தச் சிரிப்பைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசியில் உள்ளூர் சாட்சி இரண்டு பேர் வேண்டும் என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர் உடனே வந்தார். சித்தப்பா வரவில்லை. பங்காளிகளை எல்லாம் உட்கார வைத்து ஒருவேளை சாப்பாடு போட்டுவிட்டு, அப்புறம் கையெழுத்து என்றார். சரி என்று ஒரு மாலில் புதுக் கடை ஒன்றில் இடம் பிடித்தேன். ஏசி, பெரிய மேசை, எல்லாம் வசதி. சித்தப்பா ஒரே வார்த்தையில் மறுத்தார். "அந்த மால் கடையெல்லாம் ஆவாது கண்ணு. அண்ணன் சாப்புட்ட எடத்துல வெச்சுப் பேசிக்கலாம்."

எனக்குக் கோபம்தான் வந்தது. டிக்கெட் தேதி நெருங்குகிறது, இவருக்கு ஓட்டலில் பிடிவாதம். இன்று நினைத்தாலும் கையெழுத்துக்கு விருந்தை விலையாக வைத்தது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. இருந்தாலும் அவர் சொன்ன அன்னபூர்ணா கிளைக்கே எல்லோரும் போனோம். இலை போட்டு உட்கார்ந்ததும் வயதான சப்ளையர் ஒருவர் சித்தப்பாவைப் பார்த்து, "ஏனுங்க, பெரியவர் ஊர்ல இல்லீங்களா? ராத்திரிக்கு ஆளையே காணமே" என்றார். சித்தப்பா விஷயத்தைச் சொன்னார். சப்ளையர் கையிலிருந்த சாம்பார் வாளியை மேசையோரம் வைத்துவிட்டு, கல்லாவுக்கு எதிரே இருந்த இரண்டு பேர் மேசையைக் காட்டினார். அப்பா அங்கேதான் உட்காருவாராம். ரெண்டு இட்லி, சாம்பார் தனிக் கிண்ணத்தில், அப்புறம் சர்க்கரை கம்மியாக ஒரு காப்பி. அம்மா போனபிறகு தினமும் ராத்திரி அதுதானாம். என்னோடு போனில் பேசும்போதெல்லாம் "சாப்பிட்டாச்சு சாமி" என்றுதான் சொல்வார். எங்கே, யாரோடு என்று நான் கேட்டதில்லை.

அதனால் இதை மற்ற எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்கிறேன். அப்பா அம்மா உயிரோடு இருக்கும்போதே அவர்கள் வழக்கமாகப் போகும் கடைக்கு அவர்களோடு போங்கள். அவர்கள் உட்காரும் மேசையில் உட்காருங்கள். சப்ளையரிடமும் கல்லாக்காரரிடமும் உங்களை அறிமுகப்படுத்தச் சொல்லுங்கள், உங்கள் நம்பரையும் கொடுத்துவிட்டு வாருங்கள். ஒரு வாரம் ஆளைக் காணோம் என்றால் முதலில் கவனிப்பவர்கள் அவர்கள்தான்.

மற்ற ஊர்களிலும் கதை இதுதான். திண்டுக்கல்லில் 1957இல் நாகசாமி நாயுடு தொடங்கிய பிரியாணிக் கடைக்கு அவர் கட்டிய தலைப்பாகையால் தலப்பாக்கட்டி என்று பேர் வந்தது. இன்று அதன் கிளைகள் எங்கெங்கோ இருக்கின்றன. திண்டுக்கல்காரர்களிடம் கேட்டால் வேணு பிரியாணியா தலப்பாக்கட்டியா என்று வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி. ஆம்பூர்க்காரரைக் கூட வைத்துக்கொண்டு அங்கே போகவே போகாதீர்கள். திருநெல்வேலியில் அல்வா என்றால் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருக்கும் இருட்டுக்கடை. அதற்குக் கிளை தேடாதீர்கள், சாயங்காலம் திறக்கும்போது நேரில் போய் வரிசையில் நில்லுங்கள். அன்றைக்கு ராத்திரி ரயில் ஏறுவதாக இருந்தால் அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

பில் யார் கொடுப்பது என்று மேசையில் இழுபறி செய்யாதீர்கள். கை கழுவப் போகிற சாக்கில் கல்லாவில் முடித்துவிடுங்கள், பெரியவர்கள் திட்டுவார்கள், உள்ளுக்குள் சந்தோஷப்படுவார்கள். யுபிஐ இல்லாமல் தடுமாறுவீர்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்திய வங்கியில் வைத்திருக்கும் என்ஆர்ஓ கணக்கு இருந்தால் ஆஸ்திரேலியா, கனடா, இங்கிலாந்து போன்ற சில நாடுகளின் நம்பரிலேயே யுபிஐயைத் தொடங்கலாம், உங்கள் வங்கியில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். இந்திய சிம் இருந்தால் வெளிநாட்டிலிருந்தே ரீசார்ஜ் செய்து உயிரோடு வையுங்கள். சான்றிதழ் வேலை இருந்தால் எல்லா ஆவணத்திலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று புறப்படும் முன்பே பார்த்து, தப்பு இருந்தால் ஊரில் ஒருவரைப் பிடித்துத் திருத்தத் தொடங்கிவிடுங்கள். ஊருக்குப் போன முதல் வாரத்திலேயே சாட்சிக்கு வரவேண்டிய சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுங்கள், கடைசி வாரத்தில் அல்ல.

திரும்பும்போது ஸ்ரீகிருஷ்ணா ஸ்வீட்ஸ் மைசூர்பா வாங்கச் சொல்லி எல்லா வீட்டிலும் சொல்வார்கள். 1948இல் மகாதேவ ஐயர் கோவையில் தொடங்கிய கடை, அதன் மைசூர்பா வாயில் வைத்தால் கரையும். ஆஸ்திரேலியாவுக்கு வருகிறவர்கள் பால், நெய் சேர்ந்த எதை எடுத்து வந்தாலும் விமானத்தில் கொடுக்கும் அட்டையில் கட்டாயம் குறிப்பிடுங்கள். பால் இனிப்புகளை இங்கே உள்ளே விடமாட்டார்கள், மறைத்துப் பிடிபட்டால் அபராதம். முறுக்கு, கடலை மிட்டாய் எடுத்து வந்தாலும் அட்டையில் எழுதத்தான் வேண்டும். மைசூர்பாவை ஊரிலேயே சித்தப்பா, அத்தை வீடுகளுக்கு ஒவ்வொரு டப்பாவாகக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.