ஒரே மாதிரியான இரண்டு விஞ்ஞானக் கதைகள்: களவா, பழைய உறவா என்று அறியும் வழி

பாடசாலைச் சிறுகதைப் போட்டிக்கு நடுவராகப் போகும் ஆசிரியருக்கும், வாசிகசாலையின் ஆண்டு மலருக்குக் கதை தெரிவு செய்பவருக்கும் விஞ்ஞானப் புனைகதை கையில் வந்தால் ஒரு சங்கடம் கூடவே வரும். முல்லைத்தீவுப் பிள்ளை ஒருத்தி கண்ணிவெடி அகற்றும் ரோபோவைப் பற்றி எழுதியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம்; அந்த ரோபோ ஒரு நாள் மண்ணுக்குள் ஒரு பொம்மையைக் கண்டதும் வேலையை நிறுத்திவிடுகிறது. கிளிநொச்சியில் இருந்து வந்த வேறொரு கதையிலும் கண்ணிவெடி அகற்றும் ரோபோ வருகிறது. அதுவும் ஒரு நாள் கட்டளைக்குக் கீழ்ப்படிய மறுக்கிறது. மேசையைச் சுற்றி இருப்பவர்களில் ஒருவர் "ஒன்றைப் பார்த்து மற்றது கொப்பி அடித்திருக்கு" என்பார். இன்னொருவர் "இரண்டுமே ஆங்கிலப் படத்தில் இருந்து எடுத்ததுதான்" என்பார். இரண்டு பேரும் கதையை முழுதாக வாசித்திருக்கமாட்டார்கள்.

இப்படியான வேளையில் எந்த ஒழுங்கில் பார்த்தால் நியாயமான முடிவுக்கு வரலாம் என்பதே இந்தக் குறிப்பு. கதையின் பெரிய ஒற்றுமைகள் பெரும்பாலும் எதையும் நிரூபிப்பதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதைக்குத் தேவையே இல்லாத சிறிய ஒற்றுமைகள்தான் சாட்சி சொல்லும். அந்தச் சாட்சியமும் ஒரு கதை மற்றவரின் கைக்கு எந்த வழியால் போனது என்று காட்டினால்தான் நிற்கும்.

முதலில் இரண்டு கதைகளையும் தனித்தனியே இரண்டு வசனங்களில் எழுதிக்கொள்ளுங்கள். பெயர்கள், ஊர், இயந்திரம், கிரகம் ஆகியவற்றை எடுத்துவிட்டு எஞ்சுவதை மட்டும் எழுதவேண்டும். அப்படி எழுதும்போது, புதுமை என்று நினைத்த பல கதைகள் பாட்டி சொன்ன கதைகளாகவே நிற்பதைக் காண்பீர்கள். விண்கலத்தில் போன ஒருவன் சில நாட்களில் திரும்பி வருகிறான், பூமியில் பல தலைமுறை கழிந்துவிட்டது என்ற கதையை எடுத்துக்கொள்வோம். பாகவதத்தில் ரைவத அரசன் தன் மகள் ரேவதிக்கு மாப்பிள்ளை கேட்கப் பிரமலோகம் போகிறான். அங்கே இசை கேட்டுச் சற்று நேரம் காத்திருந்துவிட்டுக் கேட்டால், இதற்குள் பூமியில் 27 சதுர்யுகம் போய்விட்டது என்று பிரமன் சொல்கிறான். ஜப்பானிய மீனவன் உராஷிமா கடலடி மாளிகையில் சில காலம் விருந்துண்டு திரும்பும்போது ஊரில் அவனை அறிந்தவர் ஒருவரும் இல்லை. குகைத் தோழர்கள் நெடுங்காலம் உறங்கி எழுந்த கதை கிறிஸ்தவ மரபிலும் உண்டு, திருக்குர்ஆனின் 18 ஆம் அத்தியாயத்திலும் உண்டு. மன்னாரிலும் முல்லைத்தீவிலும் அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அமெரிக்க நாட்டாரியல் அறிஞர் ஸ்டித் தொம்சன் 1932 முதல் 1936 வரை வெளியிட்ட நாட்டார் கதைக்கூறுகளின் அட்டவணையில் இதற்கென்றே ஓர் இலக்கம் இருக்கிறது: டி 2011, ஆண்டுகள் நாட்களாகத் தோன்றுதல். ஒரு கூறுக்கு அங்கே இலக்கம் இருக்குமானால் அதை வைத்து எவர் மீதும் குற்றம் சாட்டாமல் இருப்பது நல்லது.

ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. இதே கதைக்கு இன்னொரு வேரும் உண்டு. ஐன்ஸ்டைன் 1905 இல் சிறப்புச் சார்புக் கொள்கையை வெளியிட்டார். 1911 இல் பிரெஞ்சு இயற்பியலாளர் போல் லாஞ்செவின், ஒளியின் வேகத்தை நெருங்கிப் பயணம் செய்து திரும்பும் ஒருவனுக்கு இரண்டு ஆண்டு மட்டும் கழிய, பூமியில் மிக நீண்ட காலம் கழிந்திருக்கும் என்று விளக்கினார். ஆகவே கையில் உள்ள கதையில் காலம் ஏன் பிசகுகிறது என்று பாருங்கள். வேகம்தான் காரணம் என்றால் கதை பாடப்புத்தகத்தில் இருந்து வந்திருக்கலாம். வேற்றுலகில் விருந்தும் பாட்டும் மயக்கமும் காரணம் என்றால், விண்கலம் இருந்தாலும் அது ரைவதனின் வழியில் வந்த கதைதான். இரண்டு கதைகள் வெளியில் இரட்டைப் பிள்ளைகள் போல இருந்தும் வேறு வேறு வேரில் முளைத்திருக்கலாம் என்பது இந்தச் சிறிய கேள்வியால் தெரிந்துவிடும்.

இந்த இடத்தில் எதிர்ப்பக்கத் தவறு ஒன்றையும் சொல்லவேண்டும், ஏனென்றால் நம்மிடையே அதுதான் கூட. புஷ்பக விமானம் இருக்கிறது, சீவக சிந்தாமணியில் விசயை ஏறிப்போன மயிற்பொறி இருக்கிறது, எனவே ஆகாயக்கலம் பற்றிய கதை எல்லாம் நம்மிடம் இருந்து எடுத்தவை என்று கூட்டங்களில் பேசுவார்கள். பழையது என்பதால் மட்டும் ஒன்று மற்றதற்குத் தாய் ஆகிவிடாது. பெருங்கதையில் உதயணனைப் பிடிக்கப் போர்வீரர்களை உள்ளே ஒளித்துவைத்த எந்திர யானை வருகிறது. கிரேக்கரின் திராய் நகரக் கதையில் வீரர்களை ஒளித்த மரக்குதிரை வருகிறது. இரண்டுக்கும் இடையே எந்த ஏடு, எந்த வணிகன், எந்த மொழிபெயர்ப்பு வழியாக நின்றது என்று காட்டும்வரை, இரண்டும் ஒத்திருக்கின்றன என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது.

அடுத்ததாக, இரண்டு எழுத்தாளர்களும் எதன் நடுவே வாழ்கிறார்கள், எதை வாசித்திருப்பார்கள் என்று பாருங்கள். வன்னிப் பிள்ளையின் கதையில் விண்கலம் இறங்குவதென்றால் குளத்திலோ வயலிலோதான் இறங்கவேண்டும்; மற்ற இடமெல்லாம் காடு. இரணைமடுவில் விண்கலம் இறங்கும் கதை பத்து வந்தாலும் அதை வைத்து ஒருவரை ஒருவர் பார்த்து எழுதினார்கள் என்று சொல்லலாகாது. கண்ணிவெடிக் கதைக்கும் இதுவே பொருந்தும். முகமாலைப் பக்கம் சிவப்பு மண்டையோட்டுப் பலகைகளையும் முகக்கவசத்துடன் குந்தியிருந்து மண்ணைச் சுரண்டும் பணியாளர்களையும் பேருந்து யன்னலால் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, ரோபோ என்றவுடன் வேறு என்ன வேலை நினைவுக்கு வரும்? அந்த ரோபோ கீழ்ப்படிய மறுப்பதும் யாருடைய தனிச்சொத்தும் அல்ல. செக் எழுத்தாளர் கரெல் சாப்பெக் 1920 இல் வெளியிட்ட நாடகத்திலேயே ரோபோக்கள் கிளர்ந்தெழுந்துவிட்டன. வரம் கொடுத்தவன் தலையிலேயே கைவைக்கப் போன பஸ்மாசுரனை நம் பிள்ளைகள் அதற்கு முன்பே அறிவார்கள்.

ஒரே சூழல் எவ்வளவு தூரம் ஒரே கதையைத் தரும் என்பதற்கு நம் தீவோடு தொடர்புள்ள ஒரு சான்று இருக்கிறது. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், பூமியில் இருந்து விண்வெளிக்குக் கம்பிவடத்தில் ஏறும் உயர்த்தியைப் பற்றி 'சொர்க்கத்தின் ஊற்றுகள்' என்று பொருள்படும் நாவலை 1979 இல் வெளியிட்டார். கதை நடக்கும் தப்ரபேன் நம் தீவுதான். உயர்த்தி மத்திய கோட்டில் நிற்கவேண்டும் என்பதற்காகத் தீவையே ஏறத்தாழ 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்திவிட்டார். அதே 1979 இல் சார்ள்ஸ் ஷெஃபீல்ட் என்பவரின் நாவலும் வந்தது. அதிலும் விண்வெளி உயர்த்தி, அதிலும் கதாநாயகன் பாலம் கட்டுவதில் பேர்பெற்ற பொறியியலாளன், அதிலும் 'சிலந்தி' என்ற பெயரில் ஒரு கருவி. நம் மேசையில் இந்த இரண்டும் வந்திருந்தால் ஒருவரையாவது தகுதிநீக்கம் செய்திருப்போம். கிளார்க்கோ இது தற்செயல்தான் என்று திறந்த கடிதம் எழுதித் தானே ஷெஃபீல்டுக்காகச் சாட்சி சொன்னார்.

வேர் எங்கே இருந்தது? ரஷ்யரான சியோல்கோவ்ஸ்கி 1895 இலேயே ஈஃபிள் கோபுரத்தைக் கண்டு வானத்துக்கு நீளும் கோபுரத்தை எண்ணிப் பார்த்தார். 1960 இல் யூரி ஆர்ட்சுத்தானோவ் மேலிருந்து கீழே தொங்கவிடும் வடத்தைப் பற்றி எழுதினார். 1975 இல் அமெரிக்கப் பொறியியலாளர் ஜெரோம் பியர்சன் அதே யோசனையை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். அந்த எண்ணம் பொறியியல் உலகில் புழங்கத் தொடங்கியபின் அதைக் கதையாக்குபவருக்கு ஒரு பொறியியலாளன் தேவை. அவன் முன்னர் செய்த பெரிய வேலை பாலமாக இருப்பது இயல்பு. வடத்தில் ஏறுவதற்கோ வடம் நூற்பதற்கோ உள்ள கருவிக்குச் சிலந்தி என்று பெயர் வைப்பதும் இயல்பு. ஆகவே ஒரு சிறிய ஒற்றுமையைக் கண்டவுடன், "இந்தக் கருவை எடுத்த எவரும் இந்த இடத்துக்கு வந்திருப்பார்களா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் அந்த ஒற்றுமையைக் கணக்கில் இருந்து நீக்கிவிடுங்கள்.

கரு இழுத்துவராத சின்ன விபரங்கள் சில அதற்குப் பிறகும் எஞ்சலாம். அவற்றை அடையாளம் காணப் பழகுவதற்கு வன்னியில் இருப்பவர்கள் தூரம் போகத் தேவையில்லை. வற்றாப்பளையில் கடல்நீரில் விளக்கெரியும் பொங்கலும் முல்லைத்தீவுக் கோவலன் கூத்தும் அறிந்த எவருக்கும் கண்ணகி கதை ஒன்றல்ல, பல என்பது தெரியும். சிலப்பதிகாரத்துக் கண்ணகி மாநாய்கனுக்குப் பிறந்த மகள். ஈழத்துக் கண்ணகி கோயில்களில் பாடப்படும் கண்ணகி வழக்குரையிலோ அவள் மாங்கனியில் தோன்றுகிறாள். பாண்டியனுக்கு நெற்றிக்கண்ணும் இருக்கிறது. சிங்களவரின் பத்தினிக் கதையிலும் அதே மாங்கனி, அதே மூன்று கண்ணுள்ள பாண்டியன். சிலம்புக்கும் நீதிக்கும் மாங்கனி தேவையே இல்லை. தேவையில்லாத ஒன்று இரண்டு மொழிகளில் ஒரே இடத்தில் இருப்பதால், வழக்குரையும் பத்தினிப் பாடல்களும் சிலப்பதிகாரத்தின் வழியாக மட்டும் உறவானவை அல்ல, தமக்குள்ளும் உறவுடையவை என்று துணிந்து சொல்லலாம். கூத்துப் பழக்கும் அண்ணாவிமாருடன் இருந்து ஒரே கூத்தின் இரண்டு ஏடுகளை ஒப்பிட்டவர்களுக்கு இந்த வேலை கைவந்தது. விஞ்ஞானக் கதையில் தேடவேண்டியதும் இப்படியான மாங்கனிகளைத்தான்: காரணமில்லாமல் வரும் இலக்கம், இரண்டிலும் ஒரே இடத்தில் உள்ள ஒரே பிழை, கதையை நகர்த்தாத பக்கத்துவீட்டுக்காரர், ஒரே ஒழுங்கில் வரும் மூன்று உவமைகள். செவ்வாயில் மண் பச்சை என்று ஒருவர் தவறாக எழுதி, மற்றவரும் அதையே எழுதியிருந்தால் அது ரோபோவின் கிளர்ச்சியை விடப் பலமான சான்று.

இனி வழியைப் பார்க்கவேண்டும். எது முதலில் எழுதப்பட்டது, மற்றவர் அதைப் பார்க்கக்கூடிய வாய்ப்பு இருந்ததா என்பதே கேள்வி. சத்யஜித் ராய் 1967 இல் வங்கக் கிராமத்துக் குளத்தில் விண்கலம் இறங்கி, அதில் வந்த சிறிய உயிர் ஒரு ஏழைச் சிறுவனுக்கு நண்பனாவதாக 'ஏலியன்' என்ற திரைக்கதையை ஆங்கிலத்தில் எழுதினார். அதை ஹொலிவூட்டுக்குக் கொண்டுபோகும் வேலையைச் செய்தவர் மைக் வில்சன். திருகோணமலைக் கடலடியில் கோணேசர் கோயிலின் சிதைவுகளைக் கிளார்க்குடன் சேர்ந்து கண்டவரும் அவரே. படம் எடுக்கப்படவில்லை. 1982 இல் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க்கின் 'ஈ.டி.' வந்தபோது, தன் திரைக்கதையின் பிரதிகள் அமெரிக்காவில் பரவியிருக்காவிட்டால் அந்தப் படம் சாத்தியமாகியிராது என்று ராய் கருதினார், ஸ்பீல்பேர்க் மறுத்தார். இங்கே வழி இருந்தது, காலமும் பொருந்துகிறது. ஆனால் வழி இருந்தது என்பதும் அந்த வழியால் நடந்தார்கள் என்பதும் ஒன்றல்ல. குழந்தையிடம் மட்டும் நட்பாகும் வேற்றுயிர் என்ற கரு ராயின் திரைக்கதையையும் ஸ்பீல்பேர்க்கின் படத்தையும் விடப் பழையது. என்னைக் கேட்டால், இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து மாங்கனி தேடாதவர் இதில் தீர்ப்புச் சொல்லாமல் இருப்பதே முறை.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக: இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வெறும் எண்ணத்துக்குப் பாதுகாப்புக் கொடுப்பதில்லை, எழுதப்பட்ட விதத்துக்கே கொடுக்கிறது. கருவை எடுப்பது குற்றம் என்று பிள்ளைகளைப் பயமுறுத்தும் நடுவர் சட்டத்திலும் இல்லாததைச் சொல்கிறார்.

மேசைக்குத் திரும்பினால், முல்லைத்தீவுக் கதைக்கும் கிளிநொச்சிக் கதைக்கும் இடையே எஞ்சும் கேள்வி பொம்மை ஒன்றுதான். மற்றக் கதையில் பொம்மை இல்லை என்றால் விசாரணை அத்துடன் முடிந்தது. இருந்தால், இரண்டு பிள்ளைகளும் ஒரே தனியார் வகுப்புக்குப் போகிறார்களா, ஒரே யூடியூப் கதையைக் கேட்டார்களா, ஒரே மாதிரிக் கதைப் புத்தகம் இரண்டு பாடசாலை நூலகத்திலும் இருக்கிறதா என்று விசாரியுங்கள். மூன்றாவது ஒரு மூலத்தை இருவரும் பார்த்திருப்பது, ஒருவரை ஒருவர் பார்த்து எழுதுவதை விட அதிகமாக நடக்கக்கூடியது. பிள்ளையைத் தனியே கூப்பிட்டு "இதை எங்கே பார்த்து எழுதினாய்?" என்று மிரட்டினால் பயம்தான் பதிலாக வரும். அதற்குப் பதிலாக, ரோபோ பொம்மையைக் கண்ட மறுநாள் என்ன நடந்தது என்று அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். தான் யோசித்த கதையானால் அந்த ரோபோ எங்கே நின்றது, பொம்மை யாருடையது என்பதெல்லாம் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். கடைசியில் புள்ளித்தாளில் எழுதும்போது களவு என்று ஒரு சொல்லில் எழுதாமல், எந்தப் பந்தி எந்தப் பந்தியை ஒத்திருக்கிறது, எந்த ஒற்றுமையைப் பொது வேர் என்று நீக்கினீர்கள், எது எஞ்சியது என்று எழுதிவையுங்கள். மேன்முறையீடு வந்தால் அடுத்த நடுவர் அதே இடத்தில் இருந்து பார்வையைத் தொடங்கலாம்.