அண்டை நாட்டுக் கொள்கை மாறிவிட்டது என்று எழுதுவதற்கு முன்

புனலூர் பக்கம் குளத்துப்புழை, ஆயிரநல்லூர் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டும் தமிழ்க் குடும்பங்கள் பல, வேலை தேடி ஆரியங்காவு கணவாய் தாண்டி வந்தவை அல்ல. 1964-ல் டெல்லியும் கொழும்பும் செய்துகொண்ட ஓர் ஒப்பந்தம் அவர்களை இலங்கைத் தேயிலை மலைகளிலிருந்து கொல்லம் மாவட்டத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அவர்களுக்கு வேலை கொடுக்கவே மத்திய அரசும் கேரள அரசும் சேர்ந்து 1976-ல் மறுவாழ்வுத் தோட்ட நிறுவனத்தைத் தொடங்கின.

இப்படி வெளியுறவுக் கொள்கையின் தடத்தைக் கண்ணெதிரே வைத்திருக்கும் ஊர்களிலும், பேச்சு எழுந்தால் கேட்பது ஒரே வாய்ப்பாடுதான்: ஆட்சி மாறியது, கொள்கை மாறியது. தேவிகுளத்திலிருந்தும் பாலக்காட்டுச் சித்தூரிலிருந்தும் போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகளின் கட்டுரைகளிலும் அதுவே வருகிறது. அங்கே தொடங்குவோம், மற்ற பிழைகளில் பாதி அதிலிருந்து முளைப்பவை.

ஆளை வைத்துத் தேதி குறிப்பது

மேலே சொன்ன 1964 ஒப்பந்தத்தையே, சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் என்று பெயர் பெற்றதை, எடுத்துக்கொள்ளலாம். 1948-ல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. அங்கேயே வேர்விட்டவர்கள் இலங்கையின் பொறுப்பு என்பது நேருவின் நிலை. 1964 மே 27-ல் நேரு மறைந்தார். அக்டோபர் 30-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்பது கணக்கு. ஐந்தே மாத இடைவெளி என்பதால் "நேரு போனார், கொள்கை போனது" என்று எழுதிவிடுகிறார்கள்.

இரண்டு விஷயம் அதில் விடுபடும். முதலாவது, கதவு முன்பே சற்றுத் திறந்திருந்தது: 1954-ல் நேருவும் இலங்கைப் பிரதமர் கொத்தலாவலையும் செய்த உடன்பாட்டிலேயே, விரும்புகிறவர்களை இந்தியக் குடிமக்களாகப் பதிவதற்கு வழி இருந்தது. இரண்டாவது, 1962 சீனப் போருக்குப் பின் டெல்லிக்கு அண்டை நாடுகளின் நட்பு அவசரத் தேவையானது. அதே ஆண்டு டிசம்பரில் சீனாவுக்கும் இந்தியாவுக்கும் இடையே சமரசம் பேச ஆறு நாடுகள் கூடிய இடம் கொழும்பு. புதிய பிரதமராக சாஸ்திரி வந்தது மாற்றத்துக்கு நேரம் கொடுத்தது. காரணத்தைத் தேட வேண்டிய இடம் வேறு.

ஒற்றைத் தேதியும் போதாது. மீதி 1,50,000 பேரை ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டது 1974-ல். தலைமன்னார்–ராமேஸ்வரம் கப்பல் 1984-ல் நின்றதும் ஆட்கள் வருவது ஓய்ந்தது. அங்கேயே தங்கிவிட்டவர்களில் கடைசியாக எஞ்சியவர்களுக்கு இலங்கை நாடாளுமன்றம் சட்டம் இயற்றிக் குடியுரிமை கொடுத்தது 2003-ல். கட்டுரையில் "1964-ல் கொள்கை மாறியது" என்று மட்டும் எழுதினால், நாற்பது ஆண்டு நடந்த காரியம் ஒரு கையெழுத்தாகச் சுருங்கிவிடும்.

இதைவிடத் தெளிவான சான்று ஐ.நா. மனித உரிமைக் கவுன்சில் வாக்குகள். 2009 மே மாதச் சிறப்பு அமர்வில் இந்தியா இலங்கைக்குச் சாதகமாக வாக்களித்தது. 2012, 2013 மார்ச் மாதங்களில் அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானங்களை ஆதரித்து, அதாவது கொழும்புக்கு எதிராக, வாக்களித்தது. 2014-ல் விலகி நின்றது. பலர் அந்த விலகலை மோடி அரசின் கணக்கில் எழுதுகிறார்கள். வாக்கெடுப்பு நடந்தது மார்ச் 27. அப்போது பிரதமர் மன்மோகன் சிங். புதிய அரசு பதவியேற்றது மே 26. மூன்று வகை நிலைப்பாட்டையும் எடுத்தது ஒரே பிரதமரின் அரசு. 2013-ல் தமிழகக் கூட்டணி நெருக்கடி இருந்தது. வாக்கெடுப்புக்கு இரண்டு நாள் முன்புதான் தி.மு.க. கூட்டணியை விட்டு வெளியேறியது. 2014 தீர்மானத்திலோ வெளியிலிருந்து விசாரணை நடத்தும் பிரிவு சேர்ந்திருந்தது. காஷ்மீரை மனதில் வைத்திருக்கும் டெல்லிக்கு அப்படிப்பட்ட விசாரணை எப்போதுமே கசப்பு. எனவே எந்த வாக்கையும் விளக்குமுன் தீர்மானத்தின் வாசகத்தை முந்தைய ஆண்டு வாசகத்தோடு ஒப்பிடுங்கள். நிலைப்பாடு மாறியதா, கேட்கப்பட்ட கேள்வி மாறியதா என்பது அப்போதுதான் தெரியும்.

எல்லா அண்டை நாட்டுக்கும் ஒரே கொள்கை என்று எண்ணுவது

1996-ல் வெளியுறவு அமைச்சராக இருந்த ஐ.கே. குஜ்ரால் "பதிலுக்குப் பதில் கேட்க மாட்டோம்" என்று சொன்னது வங்கதேசம், பூடான், மாலத்தீவு, நேபாளம், இலங்கை ஆகிய ஐந்து நாடுகளுக்கு. பாகிஸ்தான் அந்தப் பட்டியலில் இல்லை. குஜ்ரால் கோட்பாடு என்றதும் பாகிஸ்தானைச் சேர்த்து எழுதுவது தேர்வுத்தாள் திருத்துகிறவர்கள் அடிக்கடி பார்க்கும் பிழை. பட்டியலில் யார் இருக்கிறார்கள் என்பதே பல நேரம் கொள்கையைச் சொல்லிவிடும்: 2014-ல் மோடி பதவியேற்புக்கு சார்க் என்ற தெற்காசியக் கூட்டமைப்பு நாடுகளின் தலைவர்களை அழைத்தார்கள், 2019-ல் வங்காள விரிகுடாவைச் சார்ந்த பிம்ஸ்டெக் கூட்டமைப்பு நாடுகளை அழைத்தார்கள், அதில் பாகிஸ்தானுக்கு இடமே கிடையாது. சார்க்கின் கடைசி உச்சி மாநாடு 2014 நவம்பரில் காத்மாண்டுவில் நடந்தது. 2016-ல் இஸ்லாமாபாத்தில் நடக்க வேண்டியது காஷ்மீரின் உரி ராணுவ முகாம் மீது நடந்த தாக்குதலுக்குப் பின் நின்றுபோனது.

மேடைப் பேச்சை நம்புவது

மாலத்தீவு விவகாரம் இதற்குப் பாடம். "இந்தியாவே வெளியேறு" என்ற முழக்கத்தோடு முய்சு 2023 செப்டம்பரில் மாலத்தீவு அதிபர் தேர்தலில் வென்றார். இந்தியப் படையினர் 2024 மே 10-க்குள் திரும்பி, அவர்கள் இடத்தில் சீருடை இல்லாத தொழில்நுட்ப ஆட்கள் போனார்கள். சமூக ஊடகத்தில் சுற்றுலாப் புறக்கணிப்பு வேறு. உறவு முறிந்தது என்று அப்போது எழுதாதவர் குறைவு.

அதே சமயம், 2024 ஏப்ரல் 5-ல், வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. 1981 வர்த்தக உடன்பாட்டின் கீழ் மாலத்தீவுக்கு அனுப்பும் பொருள்களின் அளவு அது: முட்டை 42.75 கோடி, வெங்காயம் 35,749 டன், அரிசி 1,24,218 டன், ஆற்று மணலும் ஜல்லியும் தலா 10 லட்சம் டன். உடன்பாடு வந்த நாளிலிருந்து அதுவரை வந்ததில் அதுதான் மிக உயர்ந்த அளவு. உள்நாட்டில் வெங்காய ஏற்றுமதிக்குத் தடை இருந்த நேரம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டு மாதம் முன்பு வந்த பட்ஜெட் ஆவணத்திலும் அதே சேதிதான்: 2023-24-க்கு மாலத்தீவு உதவியாக முதலில் ஒதுக்கியது 400 கோடி ரூபாய், திருத்திய மதிப்பீட்டில் அது 770 கோடியைத் தாண்டியது. கையில் இருக்கும் திட்டங்களின் பில் தேர்தல் முடிவைப் பார்த்து நிற்பதில்லை. அக்டோபரில் முய்சு டெல்லிக்கு வந்து நாணயப் பரிமாற்ற உடன்பாடு செய்தபோது வியந்தவர்கள், ஏப்ரல் அறிவிக்கையைப் படிக்காதவர்கள்.

ஆகவே பார்க்க வேண்டிய தாள்கள் நான்கு. மேலே சொன்ன வர்த்தக அறிவிக்கை. அரசிதழில் வரும் சுங்க அறிவிக்கை. வெளியுறவு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையில் நாடுவாரியான உதவிப் பட்டியல். உடன்பாட்டின் முழு வாசகம் அல்லது ஐ.நா. வாக்குப் பதிவு. பட்டியலைப் பார்க்கும்போது இந்த ஆண்டு ஒதுக்கீட்டைப் போன ஆண்டு ஒதுக்கீட்டோடு மட்டும் ஒப்பிடாதீர்கள். திருத்திய மதிப்பீடு உள்ள பத்தியை விட்டால் மாலத்தீவு போன்ற கதை கண்ணில் படாது. கூட்டறிக்கையை ஐந்தாவதாக, கடைசியாகப் படிக்கலாம். அதில் எந்த வரி காணாமல் போயிருக்கிறது என்று பார்ப்பதற்கு மட்டும் அது உதவும்.

மிளகையும் ரப்பரையும் குழப்புவது

நம் பக்கத்தில் அதிகம் சூடு பறப்பது இதில்தான். "ஆசியான் ஒப்பந்தம் வந்து ரப்பர் வரி போச்சு" என்பார்கள், தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்போடு செய்த வர்த்தக ஒப்பந்தத்தைச் சொல்கிறார்கள். 2009 ஆகஸ்ட் 13-ல் கையெழுத்தாகி 2010 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்த அந்த ஒப்பந்தத்தில் இயற்கை ரப்பர் விலக்குப் பட்டியலில் இருக்கிறது. வரிச் சலுகை அதற்குக் கிடையாது. சலுகை நுழைந்தது கலவை ரப்பர் (ரசாயனங்கள் சேர்த்த ரப்பர்) வழியாக. 2023 பட்ஜெட்டில் கலவை ரப்பரின் வரியை 10 சதவீதத்திலிருந்து 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், இரண்டில் குறைந்தது என்று உயர்த்தினார்கள். ஒப்பந்தச் சலுகையில் வரும் சரக்கை அந்த உயர்வு தொடாது. ஓட்டை இருக்கும் இடத்தை விட்டுவிட்டு வேறிடத்தில் திட்டினால் கோரிக்கை மனுவும் தவறாகவே போகும்.

மிளகு வேறு கதை. ஆசியானில் அது சிறப்புப் பட்டியல்: 70 சதவீத வரியைப் படிப்படியாக 2019 முடிவுக்குள் 50 சதவீதமாக்குவது ஏற்பாடு. குமுளி வியாபாரி அஞ்சியதோ இலங்கை வழியை. 1998-ல் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் அமலுக்கு வந்த இந்திய–இலங்கைத் தடையற்ற வர்த்தக உடன்பாட்டில் ஆண்டுக்கு 2,500 டன் மிளகு வரியின்றி வரலாம். அதற்கு மேல் வருவதற்கு தெற்காசியத் தடையற்ற வர்த்தக உடன்பாட்டில் 8 சதவீத வரி. வியட்நாம் மிளகு இலங்கைச் சான்றிதழோடு நுழைகிறது என்ற புகார் எழுந்தது இந்த வரி இடைவெளியால்தான்.

டெல்லி என்ன செய்தது என்பது கவனிக்க வேண்டியது. உடன்பாட்டைத் தொடவில்லை. 2017 டிசம்பரில் மிளகுக்குக் கிலோ 500 ரூபாய் குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது. 2018 மார்ச்சில் அதற்குக் கீழே வரும் மிளகைத் தடையே செய்தது. எந்த நாட்டின் பெயரையும் சொல்லாத விதி, ஆனால் அடி யாருக்கு என்று எல்லாருக்கும் தெரியும். "இலங்கைக் கொள்கையில் மாற்றமில்லை" என்று கூட்டறிக்கை சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்நாட்டு விவசாயிக்காகக் கொள்கை நகர்ந்துவிட்டது. ஏலக்காய், தேயிலை பற்றி எழுதுகிறவர்களும் வரி விகிதத்தோடு நிற்காமல் இப்படிப்பட்ட விலை நிபந்தனை இருக்கிறதா என்று தேட வேண்டும்.

மாநிலத்தின் கை எவ்வளவு நீளும் என்பதைத் தவறாக அளப்பது

வெளிநாட்டோடு ஒப்பந்தம் செய்யும் அதிகாரம் மத்தியப் பட்டியலில் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 253-வது பிரிவின்படி அதை நிறைவேற்ற மாநில விஷயத்திலும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம். ஆசியான் ஒப்பந்தத்துக்கு எதிராக 2009 அக்டோபர் 2-ல் கேரளம் நெடுகக் கைகோத்து நின்ற மனிதச் சங்கிலி அதை நிறுத்தவில்லை. ஆனால் 2011-ல் வங்கதேசத்தோடு தீஸ்தா நதி நீரைப் பங்கிடும் உடன்பாடு மேற்கு வங்க முதல்வரின் எதிர்ப்பால் கையெழுத்தாகாமலே போனது. நதி ஓடுவது அவர் மாநிலத்தில். அவர் ஒத்துழைக்காமல் தண்ணீரைப் பங்கிட முடியாது. மாநிலம் ஒரு விஷயத்தில் சத்தம் போடுகிறதா, நடைமுறைப்படுத்தும் சாவியே அதன் கையில் இருக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள்.

கச்சத்தீவைப் பற்றி எழுதுகிறவர்கள் வங்கதேச எல்லை உடன்பாட்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். இரண்டுமே 1974. வங்கதேசத்தோடு இந்திய நிலம் கைமாறுவதால் அரசியல் சட்டத் திருத்தம் வேண்டியிருந்தது. 100-வது திருத்தம் வந்து அடுத்த நாட்டுக்குள் சிக்கியிருந்த திட்டு நிலங்கள், இந்தியாவின் 111-க்கு வங்கதேசத்தின் 51 என்று, கைமாறியது 2015-ல். கச்சத்தீவில் தீராத எல்லையை வரையறுத்தோம், நிலத்தைக் கொடுக்கவில்லை என்பது மத்திய அரசின் வாதம். அதனால் திருத்தம் கொண்டுவரவில்லை. கச்சத்தீவு வழக்கு முழுக்க அந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

அடுத்து எல்லாரும் எழுதப்போவது கங்கை நீர்ப் பங்கீடு. 1996 டிசம்பர் 12-ல் வங்கதேசத்தோடு செய்த உடன்பாட்டின் 30 ஆண்டுக் காலம் 2026 டிசம்பரில் முடிகிறது. பழைய கணக்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: ஜனவரி 1 முதல் மே 31 வரை மேற்கு வங்கத்தின் பராக்கா அணையில் வரத்து வினாடிக்கு 70,000 கனஅடி அல்லது அதற்குக் குறைவானால் பாதிப்பாதி, 70,000-க்கும் 75,000-க்கும் இடையில் வங்கதேசத்துக்கு 35,000, மீதி இந்தியாவுக்கு, 75,000-க்கு மேல் போனால் இந்தியாவுக்கு 40,000, மீதி அவர்களுக்கு. புதிய வாசகம் எப்போது வந்தாலும் முதலில் பார்க்க வேண்டியவை இந்த எண்களும், எத்தனை ஆண்டுக்கு என்ற வரியும்.