கிராண்ட் கேன்யனில் குடும்பத்தோடு இறங்குகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

மலையேற்றத்தில் முடியாதவர்கள் பாதியிலேயே திரும்பிவிடலாம், வரும் வழி இறக்கம்தான். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் இது தலைகீழ். காலைக் குளிரில் இறக்கம், பிள்ளைகள் ஓடிக்கொண்டே போவார்கள். கால் ஓய்ந்து, வெயிலும் ஏறிய பிறகுதான் ஏற்றம் ஆரம்பிக்கும். இறங்க ஒரு மணி நேரம் ஆனால் ஏற இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள் என்பது அங்குள்ள தேசியப் பூங்காவின் காவலர்களான ரேஞ்சர்கள் சொல்லும் கணக்கு. இதை மறப்பதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

முதல் தவறு, "இவ்வளவு தூரம் வந்தாச்சு, கொலராடோ ஆற்றையும் தொட்டுவிட்டு வரலாம்" என்று கிளம்புவது. தெற்கு விளிம்பிலிருந்து ஆறு 1,300 மீட்டருக்கும் மேல் கீழே ஓடுகிறது. விளிம்பே கிட்டத்தட்ட ஊட்டி உயரம் என்பதால் ஏறும்போது மூச்சு வாங்கும். கோடையில் அடிப்பள்ளத்தில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டிவிடும். ஒரே நாளில் ஆறுவரை போய்த் திரும்ப வேண்டாம் என்று பூங்கா நிர்வாகமே எச்சரிக்கிறது. குழந்தைகளோடு போகிறவர்கள் அந்த எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

அடுத்தது, படத்தில் பார்த்த அழகை வைத்துப் பாதையைத் தேர்ந்தெடுப்பது. சவுத் கைபாப் பாதையில் காட்சிகள் அபாரம்தான். ஆனால் வழியில் ஒரு சொட்டுக் குடிநீர் கிடையாது, நிழலும் மிகக் குறைவு. அதில் போனால் 2.4 கிலோமீட்டரில் வரும் சீடர் ரிட்ஜோடு திரும்பிவிடுங்கள். அதற்குள்ளேயே 340 மீட்டர் இறங்கியிருப்பீர்கள். சொந்தக் காரில் அந்தப் பாதையின் தொடக்கத்துக்குப் போக முடியாது, பூங்காவின் இலவசப் பேருந்துதான். முதல்முறை வரும் குடும்பத்துக்கு நான் சொல்வது பிரைட் ஏஞ்சல் பாதை. 2.4, 4.8 கிலோமீட்டரில் ஓய்வு மண்டபங்கள் இருக்கின்றன. அங்கே தண்ணீர் சில மாதங்களில்தான் வரும், குழாய் உடைந்தால் அதுவும் நின்றுவிடும். முந்தின நாளே விசாரியுங்கள். எப்படியும் தேவையான தண்ணீரைக் கையில் எடுத்துப் போங்கள்.

கோடையில் காலை 10 முதல் மாலை 4 வரை ஏற்றத்தில் இருக்கக் கூடாது. அதனால் சாவகாசமாக டிபன் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும் திட்டம் சரிவராது, விடியும்போதே நடக்கத் தொடங்க வேண்டும். திரும்பும் இடத்தோடு திரும்பும் நேரத்தையும் மேலேயே பேசி முடித்துவிடுங்கள். கீழே போன பிறகு "இன்னும் ஒரு வளைவு" என்ற ஆசை யாரையும் விடாது.

தண்ணீர் மட்டுமே குடித்துக்கொண்டிருப்பதும் ஆபத்து. வியர்வையில் உப்பு போய்க்கொண்டே இருக்க, வெறும் தண்ணீர் உள்ளே போனால் ரத்தத்தில் சோடியம் குறையும். தலைவலி, வாந்தி, குழப்பம் எல்லாம் வெயில் மயக்கம் போலவே இருப்பதால், பதறி இன்னும் தண்ணீர் கொடுத்து நிலைமையை மோசமாக்குபவர்கள் உண்டு. உப்புள்ள தின்பண்டம் இடையிடையே வயிற்றுக்குள் போக வேண்டும். தயிர்சாதம் வெயிலில் புளித்துப்போகும். புளியோதரை, வறுத்த உப்புக்கடலை, முறுக்கு நல்லது. ஆளுக்கு ஒரு ஓஆர்எஸ் பாக்கெட் பையில் இருக்கட்டும்.

வேகமாக நடப்பவர் முன்னே போய்விட, பாட்டியும் சின்னவனும் தனியாகப் பின்தங்குவதைப் பார்க்கவே மனசு பதறும். கீழே செல்போன் சிக்னலை நம்ப முடியாது. மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். கோவேறு கழுதைகள் வந்தால், பள்ளத்தின் பக்கம் ஒதுங்காமல் பாறைச் சுவர்ப் பக்கம் அசையாமல் நில்லுங்கள்.

முட்டி வலி, இதய நோய் உள்ள பெரியவர்களை "கொஞ்ச தூரம்தானே" என்று கீழே கூட்டிப் போகாதீர்கள். அவர்களுக்கு விளிம்போரமே நல்ல நடைபாதை இருக்கிறது. அதில் யாவபாய் அருங்காட்சியகத்திலிருந்து, விடுதிகள் இருக்கும் கிராண்ட் கேன்யன் கிராமத்தை நோக்கிப் போகும் பகுதியில் ஒவ்வொரு மீட்டரும் பத்து லட்சம் ஆண்டுகளைக் குறிக்கிறது. அந்தந்தக் காலத்துப் பாறைகளைத் தொட்டுப் பார்க்கும்படி வரிசையாக வைத்திருக்கிறார்கள். நீங்கள் ஏறி வரும்வரை அவர்களுக்கும் பொழுது நன்றாகப் போகும்.