நிறுத்தத் தூரக் கணக்கில் நிறையைத் தேடாதீர்கள்

சமதள ரோட்டில் பிரேக் போட்டுச் சறுக்கி நிற்கும் கார் கணக்கா? முடுக்கம் கண்டுபிடிக்க உட்காராதீர்கள். வேகத்தின் வர்க்கத்தை (2 × உராய்வுக் கெழு × 9.8) என்பதைக் கொண்டு வகுத்தால் நிற்கும் தூரம் வந்துவிடும். உராய்வுக் கெழு என்பது டயர் ரோட்டை எவ்வளவு பற்றுகிறது என்று காட்டும் எண்; 9.8 புவியீர்ப்பு முடுக்கம். மணிக்குக் கிலோமீட்டரில் உள்ள வேகத்தை முதலில் 3.6-ஆல் வகுத்து, விநாடிக்கு மீட்டராக மாற்றிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

உராய்வு செய்யும் வேலை காரின் இயக்க ஆற்றல் முழுவதையும் தின்று தீர்க்கிறது. சமன்பாட்டின் இரண்டு பக்கமும் நிறை இருப்பதால் அது அடிபட்டுப் போகிறது. காரோ பாரம் ஏற்றிய பக்கியோ (பிக்கப் வண்டி), டயரும் ரோடும் வேகமும் ஒரே மாதிரி என்றால் தூரமும் ஒன்றுதான். வேகம் மட்டும் வர்க்கமாக நிற்கிறது. கெழு 0.7 என்று வைத்தால், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தெருவில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்துக்குச் சுமார் 20 மீட்டர். அங்குள்ள என்2 நெடுஞ்சாலையில் 120-க்குச் சுமார் 81 மீட்டர். வேகம் இரட்டிப்பு, தூரம் நாலு மடங்கு. (பிரேக்கில் கால் வைக்கும் முன் ஓடும் தூரம் இதில் சேராது.)

சரிவான ரோடு, கோணத்தில் இழுக்கும் கயிறு என்றால் இந்தச் சூத்திரம் உதவாது. செங்குத்து விசை (ரோடு தன் பரப்புக்குச் செங்குத்தாக வண்டியைத் தாங்கும் விசை) மாறிவிடும். அப்போது நிகர வேலை = இயக்க ஆற்றல் மாற்றம் என்ற வேலை-ஆற்றல் தேற்றத்திலிருந்து தொடங்குங்கள். நேரம் கேட்டிருந்தால் இயக்கச் சமன்பாடுகள்தான் வழி. அப்புறம், மெட்ரிக் தேர்வில் (தென்னாப்பிரிக்காவின் 12-ஆம் வகுப்பு இறுதித் தேர்வு) வெறும் விடை போதாது. தேற்றத்தை எழுதி, எண்களைப் போட்டுக் காட்டுங்கள். குறுக்குவழியை விடை சரிபார்க்க வைத்துக்கொள்ளலாம்.