நைஸ்: ஓர் ஆங்கிலப் பெயரடையின் பொருள், பிறப்பு, பயன்பாடு

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் தமிழருக்கு நைஸ் புதிய சொல் அன்று. சட்னியை நைஸாக அரைக்கிறோம். கூட்டத்திலிருந்து நைஸாக நழுவுகிறோம். அப்பாவிடம் நைஸாகப் பேசிக் காசு வாங்குகிறோம். ஆனால் இந்த மூன்று இடங்களிலும் ஆங்கிலேயர் அந்தச் சொல்லைத் தேடிப் போகமாட்டார். தெரிந்த சொல்தானே என்ற தைரியத்தில் பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

"நைஸ், குட் எல்லாம் சின்னப் பிள்ளைகள் எழுதுவது, விட்டுவிடு" என்று சொல்லும் ஆசிரியர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆங்கிலம் பேசும் நாடுகளில் காலை முதல் இரவு வரை புழங்கும் சொல் இது. ஒருவரை அறிமுகம் செய்துகொள்ள, நன்றி சொல்ல, விடைபெற இதுதான் முன்னால் வந்து நிற்கிறது. ஒதுக்குவதைவிட ஒழுங்காகக் கற்பது நல்லது. கீழே உள்ள படிகளை வரிசையாகப் பாருங்கள். ஐந்தாம் படியில் மட்டும் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள்.

முதல் படி: எழுத்தும் ஒலியும்

எழுத்துகள் என், ஐ, சி, இ. கடைசி இ ஒலிக்காது. அந்த இ பின்னால் நிற்பதால்தான் சி இங்கே 'ஸ்' ஆகிறது. இதே நான்கு எழுத்துகளில் பிரான்சின் தென்கரையில் ஒரு நகரம் இருக்கிறது, அதை நீஸ் என்று சொல்ல வேண்டும். ஒப்பீட்டு வடிவங்கள் நைஸர், நைஸஸ்ட். 'மோர் நைஸ்' என்று சொல்லாதீர்கள்.

இரண்டாம் படி: தமிழ் நைஸைத் தனியே எடுத்து வையுங்கள்

சமையல் குறிப்பை ஆங்கிலத்தில் எழுதும்போது 'கிரைண்ட் இட் நைஸ்லி' என்று எழுதினால், படிப்பவர் "நன்றாக அரைக்கச் சொல்கிறார்" என்றுதான் புரிந்துகொள்வார். மாவு கொரகொரப்பாக நின்றாலும் அவர் மேல் குற்றமில்லை. பொடிக்கு ஃபைன், விழுதுக்கு ஸ்மூத் என்பவையே சரியான சொற்கள். நைஸாக நழுவியவரை 'ஸ்லிப்ட் அவே' என்றும், நைஸாகப் பேசிக் காரியம் சாதித்தவரை 'ஸ்வீட் டாக்' என்ற தொடராலும் சொல்லலாம். ஆங்கில நைஸுக்கு இன்று இரண்டே முதன்மைப் பொருள்கள்: பொருளையோ இடத்தையோ அனுபவத்தையோ பற்றிச் சொன்னால் இனிமையானது, மனிதரைப் பற்றிச் சொன்னால் அன்பானவர்.

மூன்றாம் படி: வேரைப் பாருங்கள்

இலத்தீனில் 'நெ' என்றால் இல்லை, 'ஸ்கீரே' என்றால் அறிதல். இரண்டும் சேர்ந்து பிறந்த நெஸ்கியுஸ் என்பதற்கு அறியாதவன் என்று பொருள். அதே ஸ்கீரேயிலிருந்துதான் சயின்ஸும், மனச்சாட்சியைக் குறிக்கும் கான்ஷியன்ஸும் வந்தன. அறிவியலும் நைஸும் ஒரே வேரில் கிளைத்தவை. ஒன்று அறிவின் பக்கமும் மற்றொன்று அறியாமையின் பக்கமும் போயின.

1066இல் பிரான்சின் வடபகுதியிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் வெள்ளமாகப் புகுந்தன. பழைய பிரெஞ்சில் பேதை என்ற பொருளில் இருந்த நைஸும் 1300ஐ ஒட்டி ஆங்கிலத்தில் பதிவாகிறது. அன்றைக்கு ஒருவரை நைஸ் என்றால் அது வசவு.

1380களில் கவிஞர் சாசர் எழுதிய 'டிராய்லஸ் அண்ட் கிரிசெய்ட்' காவியத்தின் இரண்டாம் பகுதித் தொடக்கத்தில் மொழி மாற்றத்தைப் பற்றிச் சில அடிகள் வருகின்றன. ஆயிரம் ஆண்டுகளில் பேச்சின் வடிவம் மாறிவிடுகிறது, அன்று மதிப்போடு இருந்த சொற்கள் இன்று நமக்கு மிகவும் பேதைமையாகவும் விசித்திரமாகவும் தோன்றுகின்றன என்கிறார். அந்தப் பேதைமைக்கு அவர் இட்ட சொல் நைஸ். மாற்றத்தைச் சொல்ல அவர் எடுத்த சொல்லே பின்னாளில் தலைகீழாக மாறிப்போனது. ஆங்கிலச் சொல் வரலாற்றில் நான் மிகவும் விரும்பும் இடம் இதுதான்.

பேதை எப்படி இனிமையானது? ஒரே தாவலில் அல்ல. அறியாதவர் கூச்சப்படுவார், தயங்குவார். கூச்சமும் தயக்கமும் மெல்ல மெல்ல நாசூக்கு என்று மதிக்கப்பட்டன. நாசூக்கானவர் எதையும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார், அதனால் நைஸ் நுணுக்கத்தைக் குறித்தது. நுணுக்கமாகத் தேர்ந்தெடுத்தது இனிமையாகத்தானே இருக்கும்? அந்த வழியாக 18ஆம் நூற்றாண்டில் இன்றைய பொருள் வேரூன்றியது. இடையில் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் பெரும் குழப்பம். அந்தக் காலத்து வாக்கியங்கள் பலவற்றில் எந்தப் பொருள் என்று உறுதியாகச் சொல்வது அகராதி தொகுத்தவர்களுக்கே கடினமாக இருந்திருக்கிறது. ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ அண்ட் ஜூலியட்' நாடகத்தில் போய்ச் சேராத கடிதத்தைப் பற்றிப் பாதிரியார் வருந்தும்போது, அது நைஸ் கடிதம் அன்று என்கிறார். அற்பமான கடிதம் அன்று என்பது அங்கே பொருள்.

தமிழ் இலக்கணம் படித்தவர்கள் இதை உயர்பொருட்பேறு என்று அடையாளம் கண்டுகொள்வார்கள். கள் தந்த மயக்கத்தைக் குறித்த களிப்பு இன்று நல்ல மகிழ்ச்சியைக் குறிக்கவில்லையா, அதே போக்குதான். நறுமணமாக இருந்த நாற்றம் கீழே இறங்கியது, இதற்கு நேர் எதிர்.

நான்காம் படி: எங்கே நிற்கும்?

பெயருக்கு முன்னால் நிற்கும்: 'எ நைஸ் ஹவுஸ்'. வினைக்குப் பின்னாலும் நிற்கும்: 'தி ஃபுட் இஸ் நைஸ்'. பல பெயரடைகள் சேர்ந்து வந்தால் நம் கருத்தைச் சொல்லும் நைஸ்தான் முதலில் வர வேண்டும். 'எ நைஸ் ஓல்டு டேபிள்' சரி. 'ஆன் ஓல்டு நைஸ் டேபிள்' காதுக்கு உறுத்தும்.

ஐந்தாம் படி: நைஸா, நைஸ்லியா?

தமிழ் வழியாக ஆங்கிலத்துக்குப் போகிறவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. நாம் "நன்றாகப் பாடுகிறாள்" என்கிறோம், "நன்றாக மணக்கிறது" என்றும் சொல்கிறோம். இரண்டிலும் 'நன்றாக' தான். அதே பழக்கத்தில் 'ஷி சிங்ஸ் நைஸ்லி' என்று சரியாகச் சொன்ன வாயே 'இட் ஸ்மெல்ஸ் நைஸ்லி' என்றும் சொல்லிவிடுகிறது. இரண்டாவது தவறு.

பாடும்போது அவள் ஒரு செயலைச் செய்கிறாள். அந்தச் செயல் எப்படி நடக்கிறது என்று சொல்ல வினையடை வேண்டும், அதனால் நைஸ்லி. மல்லிகை மணக்கும்போது அது எந்த வேலையும் செய்யவில்லை. அதன் தன்மை நம் மூக்குக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். தன்மையைச் சொல்லப் பெயரடையே போதும்: 'இட் ஸ்மெல்ஸ் நைஸ்'. ஸ்மெல், டேஸ்ட், லுக், சவுண்ட், ஃபீல் ஆகிய ஐந்து புலன் வினைகளும் இந்தப் பொருளில் வரும்போது நைஸையே கேட்கும்.

ஐயம் வந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். வினையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'இஸ்' போட்டுப் பாருங்கள். 'தி சூப் டேஸ்ட்ஸ் நைஸ்' என்பது 'தி சூப் இஸ் நைஸ்' ஆனாலும் பொருள் ஏறக்குறைய அதேதான். அப்படியானால் நைஸ். 'ஷி சிங்ஸ்' என்பதை 'ஷி இஸ் நைஸ்' ஆக்கினால் பாட்டே காணாமல் போய்விடும். அப்படியானால் நைஸ்லி.

ஆறாம் படி: மனிதர்களோடு பேசும்போது

முதன்முறை சந்திப்பவரிடம் 'நைஸ் டு மீட் யூ'. ஏற்கெனவே அறிமுகமானவரை மீண்டும் பார்த்தால் 'நைஸ் டு ஸீ யூ'. பழைய நண்பரிடம் மீட் என்று சொன்னால், என்னை மறந்துவிட்டாரா என்று அவர் முகம் சுருங்கும். முதல் சந்திப்பு முடிந்து கிளம்பும்போது 'நைஸ் மீட்டிங் யூ'. நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள் இந்த மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

நைஸுக்குப் பின்னால் வரும் சிறு சொல்லும் பொருளை மாற்றும். 'பி நைஸ் டு யுவர் சிஸ்டர்' என்றால் தங்கையிடம் அன்பாக நடந்துகொள் என்று பொருள். நன்றி சொல்லும்போது 'ஆஃப்' வேண்டும்: 'இட் வாஸ் நைஸ் ஆஃப் யூ டு கம்'. வந்ததில் உங்கள் நல்ல மனம் தெரிகிறது என்பது அதன் உட்பொருள். இங்கே 'ஃபார்' போட்டால், வந்ததால் உங்களுக்கு நன்மை என்பதுபோல் ஆகி நன்றியே மறைந்துவிடும்.

ஏழாம் படி: 'நைஸ் அண்ட்'

'தி ரூம் இஸ் நைஸ் அண்ட் வார்ம்' என்றால் அறை இதமான வெதுவெதுப்போடு இருக்கிறது என்று பொருள். அறை இனியது, அதோடு வெதுவெதுப்பானது என்று இரண்டாகப் பிரிக்கக் கூடாது. நமக்குப் பிடித்த அளவில் அந்தத் தன்மை இருக்கிறது என்பதே செய்தி. எலுமிச்சைச் சாற்றை 'நைஸ் அண்ட் கோல்டு' எனலாம், ஆறிப்போன காபியை அப்படிச் சொல்ல முடியாது. பெயருக்கு முன்னால் வந்தால் 'அண்ட்' விழுந்துவிடும்: 'எ நைஸ் வார்ம் ரூம்'.

எட்டாம் படி: எங்கே தவிர்க்கலாம்?

கட்டுரையில் மட்டும் கொஞ்சம் சிக்கனம் காட்டுங்கள். 1817 டிசம்பரில் வெளியான ஜேன் ஆஸ்டினின் 'நார்தாங்கர் அபே' நாவலில் கேத்தரின் என்ற இளம்பெண் ஒரு புத்தகத்தை உலகிலேயே நைஸஸ்ட் என்கிறாள். நேர்த்தியானது என்கிறாய் போலும், அது பைண்டிங்கைப் பொறுத்தது என்று ஹென்றி என்ற இளைஞன் அவளைச் சீண்டுகிறான். இந்தச் சொல் எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது என்பது அவன் குறை. அது நைஸான புத்தகம்தான், அப்படி ஏன் சொல்லக் கூடாது என்று கேத்தரின் கேட்பதும் நியாயம்தான். பேச்சில் அவள் பக்கம் நில்லுங்கள், எழுத்தில் அவன் பக்கம். ஆசிரியரை நைஸ் என்று எழுதுவதற்குப் பதில் பொறுமையானவர் என்றோ கலகலப்பானவர் என்றோ எழுதினால் ஆளின் முகம் தெரியும்.

பழைய நுணுக்கப் பொருள் இன்னும் முழுதாகச் சாகவில்லை. 'எ நைஸ் டிஸ்டிங்க்ஷன்' என்றால் நுட்பமான வேறுபாடு. நுட்பத்தைக் குறிக்கும் நைஸட்டி என்ற பெயர்ச்சொல்லிலும் அந்தப் பொருள் நிற்கிறது.

பயிற்சி

இவற்றை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்: "இந்தப் பாயசம் நன்றாக இருக்கிறது" (டேஸ்ட் என்ற வினையை வைத்து). "வழியனுப்ப வந்தீர்களே, நல்ல மனம் உங்களுக்கு." "மிளகை நைஸாகப் பொடி." ஒரு தீர்ப்பில் 'எ நைஸ் குவெஸ்டின் ஆஃப் லா' என்று நீதிபதி எழுதியிருந்தால் என்ன பொருள் என்பதையும் யோசியுங்கள்.

விடைகள்: முதலாவது 'திஸ் பாயசம் டேஸ்ட்ஸ் நைஸ்'. இரண்டாவது 'இட் வாஸ் நைஸ் ஆஃப் யூ டு கம் அண்ட் ஸீ மி ஆஃப்'. மூன்றாவதில் நைஸுக்கு வேலையே இல்லை, 'கிரைண்ட் தி பெப்பர் டு எ ஃபைன் பவுடர்'. நீதிபதி சொல்வது, எளிதில் விடை காண முடியாத நுட்பமான சட்டக் கேள்வி என்று.