முதலில் கையெழுத்து, பிறகு கேள்வி

நான் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். அதனாலோ என்னவோ, வேதாகமத்தில் எரேமியாவின் புத்தகத்தைத் திறந்தால் மற்றவர்கள் 18-ஆம் அதிகாரத்தின் குயவன் வீட்டுக்குப் போவார்கள், நான் 32-ஆம் அதிகாரத்தில் போய் நிற்பேன். அங்கே ஒரு கிரயம் நடக்கிறது. கீழ்ப்படியப் பழக வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களை நான் முதலில் உட்காரவைப்பதும் அந்த அதிகாரத்தின் முன்தான்.

முதல் வாசிப்பில் பிரசங்கக் குறிப்பு எடுக்காதீர்கள். சொத்தையும் ஆளையும் மட்டும் பாருங்கள். வாங்குகிறவர் எரேமியா தீர்க்கதரிசி. எருசலேமில் காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அடைத்தவன் யூதாவின் ராஜா சிதேக்கியா. பாபிலோன் சேனை நகரத்தைச் சூழ்ந்திருக்கிறது. சொத்து இருப்பது ஆனதோத்தில், அவர் பிறந்த ஊரில், எருசலேமிலிருந்து நடந்தே போய்விடும் தூரம்தான். ஆனால் எதிரி படை நிற்கும் நாட்டில் நிலம் எதற்கு? நகரம் வீழும் என்று பல வருஷமாகச் சொல்லிவந்தவரே அவர். வில்லங்கம் என்றால் இதைவிட வில்லங்கமான சொத்தை நான் பார்த்ததில்லை.

இரண்டாம் வாசிப்பில் வரிசையைக் குறித்துக்கொள்ளுங்கள். இதில் அவசரப்படாதீர்கள், விஷயமே இங்கேதான் இருக்கிறது. பெரியப்பா மகன் அனாமெயேல் நிலத்தை வாங்கச் சொல்லி வருவான் என்று வார்த்தை உண்டாகிறது. அவன் வருகிறான். வந்த பிறகுதான் "இது கர்த்தருடைய வார்த்தை" என்று அறிந்துகொண்டதாக எரேமியா சொல்கிறார். தீர்க்கதரிசிக்கே அந்த நிச்சயம் ஆள் வாசலில் வந்து நின்ற பிறகுதான் வந்தது! பிறகு 17 சேக்கல் வெள்ளி, இன்றைய எடைக்கு ஏறத்தாழ 200 கிராம், தராசில் நிறுக்கப்படுகிறது. பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, சாட்சிகளின் கையெழுத்து வாங்கி, முத்திரையிட்டது ஒன்று, திறந்தது ஒன்று என இரண்டையும் தன் எழுத்தர் பாருக்கிடம் கொடுத்து, நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். (1947-இல் சவக்கடல் குகையில் கிடைத்த சுருள்களில் சில மண்ஜாடிகளில்தான் இருந்தன. முறை தெரிந்தவர் சொன்ன ஏற்பாடு.)

இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஜெபம். அந்த ஜெபத்தின் கடைசியில்தான் கேள்வி: நகரம் கல்தேயர் (பாபிலோன்காரர்) கையில் போகிறதே, நீர் என்னை நிலம் வாங்கச் சொன்னீரே! கேள்வி கேட்டது தப்பில்லை. அதை எந்த இடத்தில் வைத்தார் என்பதைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன்.

என் கதை நேர்மாறு. அப்பாவின் நிலம் பிரித்ததில் அண்ணனோடு பேச்சு நின்றுபோனது. நீ போய்ப் பேசு என்று உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. "ஏன் நான்?" என்று கேட்பதிலேயே 4 வருஷம் போனது. ஒருநாள் இந்த அதிகாரத்தை வாசித்துவிட்டு, கேள்வியைத் திரும்பி வந்து கேட்டுக்கொள்ளலாம் என்று எழுந்து போனேன். அண்ணன் உட்காரக்கூடச் சொல்லவில்லை. வீடு திரும்பி, கர்த்தரிடம் நன்றாகவே முறையிட்டேன்.

ஆகவே நீங்களும் ஒரு நோட்டில், தெளிவாகத் தெரிந்தும் தள்ளிப்போடுகிற ஒரே ஒரு காரியத்தை எழுதுங்கள். அதைச் செய்யத் தேவையான சில்லறை வேலைகளைக் கீழே எழுதுங்கள்: யாரைப் பார்ப்பது, எவ்வளவு பணம், யார் சாட்சி. கேள்விகளுக்குப் பின்பக்கத்தை விடுங்கள். முன்பக்கம் முடிந்த பிறகு பின்பக்கம்.

தெளிவாகத் தெரியாத காரியமானால் 28-ஆம் அதிகாரத்துக்குப் போங்கள். பாபிலோனுக்குப் பணியுங்கள் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த மர நுகத்தை, அதற்கு எதிராகப் பேசிய அனனியா என்கிற தீர்க்கதரிசி எல்லார் முன்னும் உடைத்துப்போடுகிறான். பதிலுக்கு ஒரு தீர்க்கதரிசனம் சொல்ல எரேமியாவுக்கு வாய் இல்லாமலா? தன் வழியே போய்விடுகிறார். இரும்பு நுகத்தைப் பற்றிய வார்த்தை பிறகுதான் வருகிறது. 42-ஆம் அதிகாரத்திலும் அப்படியே: நகரம் வீழ்ந்த பிறகு மீந்திருந்த ஜனங்கள் இனி என்ன செய்வது என்று கேட்ட கேள்விக்குப் பதில் வர 10 நாள் ஆகிறது. அதுவரை அவர் சொந்தமாக ஒன்றும் சொல்லவில்லை. வேத பாடம் எடுக்கிறவர்கள், என்னையும் சேர்த்து, இங்கே கொஞ்சம் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம்.

அந்த ஜனங்களையும் விட்டுவிடாதீர்கள். நன்மையானாலும் தீமையானாலும் கீழ்ப்படிவோம் என்றுதான் கேட்டார்கள். தேசத்திலேயே இருங்கள் என்று பதில் வந்ததும், நீ பொய் சொல்கிறாய் என்றார்கள். எகிப்துக்குப் போகும் எண்ணத்தோடே வந்து ஜெபம் கேட்டவர்கள். "உம் சித்தம்" என்று ஜெபிக்கும் முன், எந்தப் பதில் வந்தால் கோபம் வரும் என்று உங்களையே கேட்டு, அதையும் நோட்டில் எழுதிவிடுங்கள். என் நோட்டில் அந்த வரி மூன்று பக்கங்களில் இருக்கிறது.

எரேமியாவையும் அவர்கள் எகிப்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆனதோத்து நிலத்தை அவர் உழுததாகவோ அதில் ஒரு படி தானியம் அறுத்ததாகவோ எங்கும் எழுதியில்லை. பத்திரம் மட்டும் பானைக்குள் இருந்தது.