அத்தர் பட்ட இடம் அரித்தால்

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கங்களில் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் புறப்படுகிறவர்கள் காதுமடலுக்குப் பின்னால் ஒரு துளி அத்தர் தொட்டுக்கொள்வது வழக்கம். அந்த இடம் மாலைக்குள் சிவந்து அரிக்கத் தொடங்கினால், சொறியாமல், பஞ்சில் தேங்காய் எண்ணெயை நனைத்து முதலில் ஒற்றி எடுங்கள்; வாசனை எண்ணெய் தண்ணீரில் கரையாது, ஆனால் இன்னொரு எண்ணெயோடு சேர்ந்து வந்துவிடும். பிறகு மென்மையான சோப்பால் கழுவி, குளிர்ந்த ஈரத்துணியைப் பத்து நிமிடம் வைத்தால் எரிச்சல் தணியும்.

இயற்கைப் பொருள் ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கையில்தான் பலரும் ஏமாறுகிறோம். பட்டை எண்ணெயில் உள்ள சின்னமால்டிஹைடும் கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜினாலும் ஒவ்வாமையைத் தூண்டக்கூடியவை. லாவெண்டரில் உள்ள லினலூலோ, காற்றுப்பட்டுப் பழசாகும்போதுதான் அதிகம் தொந்தரவு தருகிறது. என் கழுத்தைத் தடிக்கச் செய்ததும், மூடி இறுகாமல் சன்னலோரம் பல மாதம் கிடந்த ஒரு பழைய குப்பிதான். பிழிந்தெடுத்த எலுமிச்சை, பெர்கமாட் (எலுமிச்சை இனப் பழம்) எண்ணெய்களைப் பூசிக்கொண்டு மண்டபம், பாம்பன் வெயிலில் நின்றால், தோல் கொப்புளித்து, மாதக்கணக்கில் மறையாத கறுப்புத் தழும்பும் விழக்கூடும்.

புதிதாக வாங்கிய அத்தரை முழங்கையின் உள்மடிப்பில் நாளுக்கு இருமுறை, 7 முதல் 10 நாள் வரை தொட்டுப் பார்த்த பிறகே கழுத்துக்குக் கொண்டுபோங்கள். ஒத்துக்கொள்ளாதவர்கள் கைக்குட்டையில் தொட்டுக்கொள்ளலாம். சிவப்பு பரவினால் தோல் மருத்துவரைப் பாருங்கள். உதடு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.